ஹட்ச் நாய்க்குட்டியை வாங்கியவர் என்ன ஆனார்? இந்தியாவில் வெளிநாட்டு நிறுவனங்கள் எங்கே தடுக்கி விழுகின்றன?

உங்கள் போனில் 'வி' சிம் இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு கேள்வி. அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரர் யார்? பிரிட்டனின் வோடஃபோன் இல்லை, ஆதித்ய பிர்லா குழுமமும் இல்லை. மத்திய அரசு. 2025 ஏப்ரலில் அரசின் பங்கு 48.99 சதவீதத்தைத் தொட்டது.

அரசு இதை ஆசைப்பட்டு வாங்கவில்லை. கட்ட வேண்டிய பாக்கியைக் கட்ட முடியாமல், பணத்துக்குப் பதிலாக நிறுவனம் பங்குகளைக் கொடுத்தது. 2007இல் சுமார் 1,100 கோடி டாலர் கொடுத்து, ஹட்ச் நாய்க்குட்டி விளம்பரத்தோடு சேர்த்து இந்தச் சந்தைக்குள் வந்த ஒரு நிறுவனம், பதினெட்டு வருடத்தில் எப்படி இந்த இடத்துக்கு வந்தது?

'இந்தியாவில் பிசினஸ் பண்றது கஷ்டம்' என்று பொதுவாகச் சொல்வார்கள். லஞ்சம், லைசென்ஸ், ரோடு சரியில்லை என்று ஒரு பட்டியலும் வரும். ஆனால் பெரிய நிறுவனங்கள் உண்மையில் அடிபட்ட இடங்கள் பெரும்பாலும் அவை இல்லை. வோடஃபோன் கதையைப் பார்த்தால் அது புரியும்.

முதல் அடி: யாருடைய வரி?

ஹாங்காங்கின் ஹட்சிசன் குழுமத்திடமிருந்து இந்தியத் தொழிலின் 67 சதவீதத்தை வோடஃபோன் வாங்கியது. விற்றவருக்குப் பெரிய லாபம். லாபத்துக்கு வரி உண்டு. இதுவரை சிக்கல் இல்லை.

வருமான வரித்துறை வந்து நின்றது ஹட்சிசன் வாசலில் இல்லை, வோடஃபோன் வாசலில். 'நீங்கள் பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்திருக்க வேண்டும், ஏன் பிடிக்கவில்லை?' என்று கேட்டது. கேட்ட தொகை சுமார் 11,000 கோடி ரூபாய்.

அநியாயமாகத் தெரிகிறதா? அமெரிக்காவில் இருக்கும் ஒரு என்ஆர்ஐயிடமிருந்து வேளச்சேரியில் ஒரு ஃபிளாட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது நீங்கள்தான். மறந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். விற்றவர் ஊரில் இல்லை என்பதால் வாங்கியவரைப் பிடிப்பது வரிச் சட்டத்தில் பழைய வழக்கம்.

ஆனால் வோடஃபோன் வாங்கியது ஃபிளாட்டை இல்லை. கேமன் தீவுகளில் இருந்த ஒரு கம்பெனியை. அந்தக் கம்பெனி அடுக்கடுக்காகப் பல கம்பெனிகள் வழியாக இந்தியத் தொழிலின் பங்குகளை வைத்திருந்தது. வாங்கியவர், விற்றவர், கைமாறிய பங்கு என எதுவும் இந்தியாவில் இல்லை. டவர்களும் வாடிக்கையாளர்களும் மட்டும் இங்கே. இதில் இந்தியா வரி கேட்கலாமா?

பம்பாய் உயர் நீதிமன்றம் 2010இல் கேட்கலாம் என்றது. உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் முடியாது என்றது. அன்றைய சட்டத்தில் அதற்கு இடமில்லை, அதனால் டெபாசிட் வாங்கிய 2,500 கோடியை வட்டியோடு திருப்பிக் கொடுங்கள் என்று தீர்ப்பளித்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

இரண்டே மாதத்தில் பட்ஜெட் வந்தது. நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி வருமான வரிச் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தார். வெளிநாட்டில் கைமாறும் பங்கின் மதிப்பு பெருமளவு இந்தியச் சொத்திலிருந்து வந்தால் இங்கே வரி உண்டு என்பது அதன் சாரம். அந்த விதியில் பெரிய தப்பு இல்லை. பல நாடுகளில் இது போன்ற விதி இருக்கிறது. சிக்கல் அது அமலுக்கு வந்த தேதியில்தான். 1962 ஏப்ரல் 1 முதல் என்றார்கள். ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றி, ஸ்கோரைத் திருத்திய மாதிரி.

முகர்ஜி பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளிலும் இந்த முடிவை நியாயப்படுத்தினார். தனக்குப் பின் வந்த நிதியமைச்சர்களும் அதை நீக்கவில்லையே என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இதை 'வரி பயங்கரவாதம்' என்று விமர்சித்த பாஜக, ஆட்சிக்கு வந்து ஏழு வருடம் அந்த விதியை அப்படியேதான் வைத்திருந்தது.

அப்போ எப்போதான் போச்சு?

வோடஃபோன் இந்த முதலீட்டை நெதர்லாந்து கம்பெனி வழியாகச் செய்திருந்தது. இந்தியாவுக்கும் நெதர்லாந்துக்கும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதை வைத்துச் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போன வோடஃபோன், 2020 செப்டம்பரில் ஜெயித்தது. மூன்று மாதத்தில் இதே விதியால் அடிபட்ட பிரிட்டனின் கெய்ர்ன் எனர்ஜியும் ஜெயித்தது. கெய்ர்னுடைய பங்குகளை வரித்துறை ஏற்கெனவே விற்றுவிட்டிருந்ததால் அந்த வழக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை பெரிது: நஷ்டஈடு 120 கோடி டாலர்.

இந்தியா கொடுக்கவில்லை. கெய்ர்ன் சும்மா இருக்கவில்லை. உலகம் முழுக்க இந்திய அரசின் சொத்துகளைத் தேட ஆரம்பித்தது. 2021 ஜூலையில் பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 20 சொத்துகளை முடக்க ஒரு பிரெஞ்சு நீதிமன்றம் அனுமதித்த செய்தி வந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது, முன்தேதியிட்ட வரி ரத்தானது. கெய்ர்னுக்குச் சுமார் 7,900 கோடி ரூபாய் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒன்பது வருடமாகப் பொருளாதார நிபுணர்கள் கத்தியும் நடக்காதது, பாரிஸ் கட்டடங்களில் கை வைத்ததும் நடந்தது.

இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. வோடஃபோனைக் காப்பாற்றிய அந்த நெதர்லாந்து ஒப்பந்தம் இப்போது இல்லை. 2016 முதல் இப்படிப்பட்ட பழைய ஒப்பந்தங்களில் 50க்கும் மேற்பட்டவற்றை இந்தியா முடித்துக்கொண்டது. புதிய மாதிரி ஒப்பந்தத்தில் வரி விவகாரம் வரம்புக்குள்ளேயே வராது. மற்ற விவகாரங்களுக்கும் முதலில் ஐந்து வருடம் இந்திய நீதிமன்றங்களில் முயன்று பார்க்க வேண்டும்.

வரியில் தப்பியவர் எதில் மாட்டினார்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. முதல் சில மாதங்கள் எல்லாமே இலவசம். ஒரு ஜிபியை மாதம் முழுக்கப் பொத்திப் பொத்திச் செலவழித்த காலம் ஒரே இரவில் போனது. நமக்குக் கொண்டாட்டம், மற்ற நிறுவனங்களுக்கு ரத்தக்களரி. ஏர்செல் திவாலானது, டெலிநார் கிளம்பியது. வோடஃபோன் 2018இல் ஐடியாவோடு இணைந்தது.

அடுத்த வருடம் ஏஜிஆர் வந்தது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1999க்குப் பிறகு டெலிகாம் நிறுவனங்கள் லைசென்ஸ் கட்டணத்தை வருமானத்தில் ஒரு பங்காகக் கட்டின. எந்த வருமானம்? கால், டேட்டா வருமானம் மட்டும் என்றன நிறுவனங்கள். வங்கி வட்டி, வாடகை, டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து என்றது தொலைத்தொடர்புத் துறை. பத்துப் பதினைந்து வருடம் வழக்கு நடந்தது. இடையில் தீர்ப்பாயம் நிறுவனங்களுக்குச் சாதகமாகக்கூடச் சொன்னது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசு சொன்னதே சரி என்றது.

அரசு அப்போது நீதிமன்றத்தில் காட்டிய மொத்த லைசென்ஸ் பாக்கி, எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து, 92,000 கோடியைத் தாண்டியது. அதில் அசல் சுமார் 23,000 கோடிதான். மீதி வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி. கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

ஏர்டெல்லும் இதே தீர்ப்பில் அடிபட்டது. ஆனால் சந்தையில் பணம் திரட்டித் தாக்குப்பிடித்தது. பிரிட்டனில் இருந்த தாய் நிறுவனமோ மேலும் பணம் போடத் தயங்கியது. பல நாடுகளில் கடை விரித்திருப்பவருக்கு இந்தியா பத்தோடு பதினொன்று, மிட்டலுக்கு இதுதான் வீடு. 2021இல் குமார் மங்கலம் பிர்லா தன் பங்கை அரசிடமே கொடுத்துவிடத் தயார் என்று கடிதம் எழுதினார். அந்தச் செப்டம்பரில் அரசு சலுகை அறிவித்தது, டெலிகாம் அல்லாத வருமானத்தை இனிமேல் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்றும் சொன்னது. அதாவது நிறுவனங்கள் அத்தனை வருடம் கேட்டதுதான். பழைய பாக்கி மட்டும் அப்படியே நின்றது. அதன் வட்டிக்கும் அலைக்கற்றைப் பாக்கிக்கும் பதிலாகத்தான் பங்கு அரசின் கைக்குப் போனது.

தோற்றவர்கள் எல்லாரும் அரசால்தான் தோற்றார்களா?

இல்லை. மறைமலைநகர் ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் மஹிந்திராவோடு கூட்டாக வந்த நிறுவனம். வரித் தகராறோ முன்தேதியிட்ட சட்டமோ அதை விரட்டவில்லை. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாகச் சொன்னபோது, பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குச் சொன்னது.

இங்கே நான்கு மீட்டருக்குள் இருக்கும், சின்ன இன்ஜின் வைத்த காருக்கு வரி குறைவு. அந்த அளவுக்குள் எஸ்யூவி போல ஒன்றைச் செய்து 2013இல் ஈகோஸ்போர்ட்டை இறக்கியது ஃபோர்டுதான். அது ஹிட். ஆனால் மாருதி பிரெஸ்ஸாவும் டாடா நெக்ஸானும் ஹூண்டாய் வென்யூவும் வரிசையாக வந்தபோது, ஃபோர்டிடம் புதிதாகக் காட்ட ஒன்றும் இல்லை. நடுவில் குஜராத்தின் சானந்தில் 100 கோடி டாலர் போட்டு இரண்டாவது ஆலை கட்டினார்கள். இரண்டிலும் சேர்த்து வருடத்துக்கு 4 லட்சம் கார்களுக்கு மேல் செய்யலாம், கடைசியில் பாதி திறன்கூட ஓடவில்லை. இதே சென்னைக்கு அருகில், 1998இல் சான்ட்ரோவோடு தொடங்கிய ஹூண்டாய் இந்தியாவின் இரண்டாவது பெரிய கார் நிறுவனமாக வளர்ந்தது. அதே வரி, அதே ரோடு, அதே கரன்ட். என் பார்வையில், 'இந்தியா கஷ்டமான சந்தை' என்ற சாக்கை ஃபோர்டுக்கு முழுசாகக் கொடுக்க முடியாது.

விதி மாறுவதன் சிக்கல் வேறு வகை. வால்மார்ட் 2018இல் 1,600 கோடி டாலருக்கு ஃப்ளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை வாங்கியது. அந்த டிசம்பரிலேயே அரசு ஒரு பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டது: அந்நிய முதலீடு உள்ள இணையக் கடைகள், தாங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் பொருளைத் தங்கள் தளத்தில் விற்கக் கூடாது. தயாராக ஐந்து வாரம் அவகாசம். சிறு கடைக்காரர்களைக் காப்பதற்கான விதி என்பது உண்மைதான், அவர்கள் பயமும் நியாயமானது. ஆனால் அதே சமயத்தில் உள்நாட்டு நிறுவனத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கதவை மூடும்போது யார் வெளியே நிற்கிறார்கள்?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 நேரடி ஊழியர்கள். பல மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்து வந்த, வீட்டில் முதல் முறையாக மாதச் சம்பளம் வாங்கிய இளம் பெண்கள் அதில் நிறையப் பேர்.

2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை நடந்தது. மென்பொருளுக்காகப் பின்லாந்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று சுமார் 2,080 கோடி கேட்டார்கள், சொத்துகளை முடக்கினார்கள். ஏற்றுமதி என்று சொன்ன போன்கள் உள்நாட்டில் விற்கப்பட்டன என்று தமிழ்நாடு அரசு தனியாக 2,400 கோடி கேட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழில் உலகம் முழுக்க மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியது. சென்னை ஆலையை மாற்ற வேண்டுமென்றால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆலை கைமாறவில்லை. வாங்க ஆளில்லாமல், ஆர்டர் இல்லாமல் 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது.

ஆண்ட்ராய்டு வந்ததும் நோக்கியா எப்படியும் தேய்ந்துகொண்டுதான் இருந்தது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போயிருந்தால் கொஞ்ச காலமாவது ஓடியிருக்கலாம். வருமான வரித் தகராறு 2018இல் இரு நாட்டு அரசுகளும் பேசித் தீர்ந்தது. அதற்குள் அந்தப் பெண்கள் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி வருடங்கள் ஆகியிருந்தன.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் திறன் மையத்தில் வேலை பார்க்கலாம். அந்த வகை வேலைக்கும் ஆலை வேலைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. உங்கள் நிறுவனம் இந்தியரிடம் எதையும் விற்க வேண்டியதில்லை. இந்தியரின் உழைப்பை வாங்கினால் போதும். விலைப் போட்டி, அலைக்கற்றை பாக்கி, கார் வரி எதுவும் அதைப் பெரிதாகத் தொடாது. ஃபோர்டு கார் தயாரிப்பை நிறுத்தியபோது பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 4,000 பேர். அதே ஃபோர்டின் சென்னைத் தொழில்நுட்ப, நிர்வாகப் பிரிவு தொடர்ந்து இயங்கியது, 2024இல் அதில் 12,000 பேர் இருந்தார்கள். ஒரே லோகோ போட்ட ஐடி கார்டுதான். ஒரு பக்கம் ஆலை வாசலில் இழப்பீட்டுக்காகப் போராட்டம், சோழிங்கநல்லூர் பக்கம் புதிய ஆளெடுப்பு.

மறைமலைநகர் ஆலையை ஃபோர்டு விற்கவில்லை. 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக அதைத் திரும்பத் திறக்க விருப்பம் தெரிவித்து தமிழ்நாடு அரசிடம் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாயில் அங்கே இன்ஜின் தயாரிக்க ஒப்பந்தம் போட்டது. உற்பத்தி 2029இல் தொடங்கும் என்கிறார்கள். இந்த முறை இந்தியச் சாலையில் ஓட ஒரு காரைப் பற்றியும் பேச்சில்லை.