மாணாக்கர் சொல் அம்பலம் ஏறுமா?

மதுரையினின்று திருமங்கலம் செல்லும் பெருவழியில், சுங்கச் சாவடியால் பெயர் பரவிய கப்பலூரைக் கடப்போர், அண்டையிலுள்ள தோப்பூரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமற் போவது அரிது. எய்ம்ஸ் என்று ஜனங்கள் வழங்கும் அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தை அங்கே எழுப்புவதற்காக, 2019-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி பிரதம மந்திரி அஸ்திவாரக் கல் நாட்டினார். கட்டடம் வருமுன் மாணாக்கர் வந்துவிட்டனர். 2022-இல் முதல் ஐம்பது பேர் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள இராமநாதபுரத்து அரசாங்க வைத்தியக் கலாசாலையில் இருத்தப்பட்டுப் படிக்கத் தொடங்கினர். இடங்கொடுத்த அக்கலாசாலையோ, அதே ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி நம் மாகாணத்தில் ஒருங்கே திறக்கப்பெற்ற பதினொரு புதிய கலாசாலைகளுள் ஒன்று. தோப்பூரில் கட்டட வேலை 2024-இல்தான் தொடங்கிற்று.

இக்கால தாமதத்தைக் குறித்து நாடெங்கும் பேச்சு எழுந்தது. 2021-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒற்றைச் செங்கல் ஒன்று மேடைதோறும் ஏறி வாக்குக் கேட்டதை நேயர்கள் மறந்திரார். செங்கல்லின் சொல் அம்பலம் ஏறிற்று. ஆனால் அந்த ஐம்பது பிள்ளைகளும் என்ன கற்றார்கள், எவ்வாறு கற்பிக்கப்பட்டார்கள், கற்பித்த முறையைப் பற்றி அவர்கள் கருதுவது யாது என்று எந்த மேடையிலேனும் ஒருவர் கேட்கக் கேட்டிலோம். தோப்பூருக்கு மட்டுமன்று, நம் நாட்டு வைத்தியக் கலாசாலைகள் அனைத்துக்கும் இவ்வினா பொருந்தும். ஆதலின் அதனை இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

வைத்தியம் பயிலப் புகும் மாணாக்கன் முதலில் மிதிக்கும் படி உடற்கூறு சாஸ்திரம். மற்ற பாடங்களைப் புத்தகத்திலும் படிக்கலாம். இதனையோ சவத்தின் அருகில் நின்று, கத்தி பிடித்து, கண்ணாற் கண்டு, கையாற் தொட்டே படிக்கவேண்டும். முதற் பரீட்சைக்கு முன்னாளில் பதினெட்டு மாத காலம் இருந்தது. 1997-ஆம் ஆண்டு விதிகள் அதனை ஓராண்டாகச் சுருக்கின. 2019-இல் வகுக்கப்பட்ட பாடத்திட்டம் உடற்கூற்றுக்கு ஒதுக்கியது 675 மணி நேரம். அதில் பிரசங்கம் 220, சிறு குழுக்களாகக் கூடிப் பயில்வது 415, தாமே கற்பது 40. ஏட்டில் இந்தப் பங்கீடு மிக நன்று. அந்த 415 மணியிலும் மாணாக்கன் உண்மையாகவே மேசையருகே நின்றானா, அல்லது நான்காம் வரிசையில் நின்று முன்னிருப்போர் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தானா என்பதை எந்த ஏடு சொல்லும்? மதுரை வைத்தியக் கலாசாலை 1954-இல் பிறந்தது. 2019 முதல் ஆண்டுதோறும் 250 பேரை அது சேர்த்துக்கொள்கிறது. இருநூற்றைம்பது பேர் ஒரு கூடத்தில் என்ன கண்டனர் என்பதற்கு அவர்களையன்றி வேறு சாட்சி இல்லை. நேரிற் கண்ட சாட்சியை அழையாமல் வழக்கை முடிக்கும் நியாயாதிபதியை நம்மில் யார் ஒப்புவோம்?

"மாணாக்கன் குருவை மதிப்பிடுவதா! இது மேனாட்டுப் பழக்கமல்லவா?" என்று சில பெரியோர் முகஞ் சுளிப்பர். மேனாட்டில் இது பழைய வழக்கம் என்பது மெய்தான். இத்தாலி தேசத்துப் பொலோனா நகரத்துச் சர்வகலாசாலையில், இடைக்காலத்தில், மாணாக்கரே தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். பிந்தி வந்த ஆசிரியருக்கும், மணியடித்த பின்னரும் பேசிக்கொண்டே நின்ற ஆசிரியருக்கும் அபராதம் விதித்தனர். அதே நகரில் 1540-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கோர்ட்டி என்னும் முதிய ஆசிரியர் பழம்பெரும் கேலனுடைய கொள்கைப்படி பிரசங்கம் புரிய, வெசாலியஸ் என்னும் இளைஞர் சவத்தை அறுத்துக் காட்டினார். அக்காட்சி இன்றும் நம் கண்முன் நிற்பதற்குக் காரணம், ஹெஸெலர் என்ற ஒரு மாணாக்கன் எழுதிவைத்த குறிப்பேயாம். ஏட்டை நம்பிய முதியவருக்கும் உடலை நம்பிய இளையவருக்கும் மூண்ட பூசலை அவன் மறையாது எழுதினான். மாணாக்கர் ஐயம் வினவியபோது, என்னைக் கேளாதீர், உங்கள் கையாலேயே தொட்டறிந்து அதனை நம்புங்கள் என்ற பொருள்பட வெசாலியஸ் விடையிறுத்ததையும் எழுதினான். மூன்றாண்டு கழித்து, 1543-இல், வெசாலியஸின் பெருநூல் வெளிவந்து உடற்கூறு சாஸ்திரத்தையே மாற்றிற்று. பெரியோர் தம் பெருமையைத் தாமே எழுதிக்கொள்ளலாம். வகுப்பில் நடந்ததை எழுதவல்லவன் மாணாக்கன் ஒருவனே.

எனினும் இது மேனாட்டுக்கே உரிய சரக்கு என்பதை நாம் ஒப்பவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், மாணாக்கரை அன்னம், ஆ முதலாக எருமை, நெய்யரி வரை தரம் பிரித்ததை நம் பள்ளிகளில் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே முனிவர், ஆசிரியராகத் தகாதார்க்கு நான்கு உவமை கூறியிருப்பதை மட்டும் பலர் விழுங்கிவிடுகிறார்கள். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. மாணாக்கரிடம் கேட்கவேண்டிய வினாக்கள் இவற்றைவிடச் சிறப்பாக எந்தச் சபையும் வகுத்துத் தர இயலாதென்பது நம் கருத்து.

கழற்குடம் என்பது கழற்காய் இட்ட குடம். இட்ட முறையில் காய்கள் வெளிவாரா. பிரசங்க மண்டபத்தில் வயிற்றுறுப்புக்களைப் பற்றிப் பேச்சு. அறுவைக் கூடத்திலோ அதே வாரம் மேற்கை நரம்புகள். உடலியல் ஆசிரியர் இருதயத்தைத் தொடும்போது, உடற்கூற்று ஆசிரியர் இருதயத்தை முடித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது! இவ்வாறு நடந்ததா? மாணாக்கனைக் கேளுங்கள்.

மடற்பனை கருக்கு மட்டையால் தன்னை வேலியிட்டுக்கொண்டு, யாரையும் ஏறவொட்டாது, தானாக விழும் பழத்தை மட்டும் தரும். ஐயம் கேட்க அணுகிய மாணாக்கன் விடை பெற்றானா, வசை பெற்றானா? கேளுங்கள்.

பருத்திக் குண்டிகை, வாய் குறுகிய பாத்திரத்தில் பஞ்சைத் திணித்தது போன்றது. சிறிது சிறிதாகவே உள்ளே புகும், சிறிது சிறிதாகவே வெளிவரும். கழுத்தினின்று புறப்பட்டுக் கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலை விளக்கப் புகுந்தவர், வேர் ஐந்தையும் கிளைகளையும் பெயரடுக்காக ஒப்பித்து நிறுத்தினாரா? அல்லது அவற்றுள் ஒன்று அறுந்தால் எந்த விரல் மரக்கும், எந்தத் தசை சோரும் என்பது வரை கொடுத்தாரா? கேளுங்கள்.

முடத்தெங்கோ, நீர் வார்த்தவன் தோட்டத்தை விட்டு அயலான் முற்றத்தில் காயை உதிர்ப்பது. நான்கிலும் நம்மைப் பெரிதும் வருத்துவது இதுவே. அரசாங்கப் பள்ளியில் பயின்றார்க்கு வைத்தியக் கலாசாலையில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கும் சட்டம் 2020-இல் நம் மாகாணத்தில் நிறைவேறியது. அதன் பயனாகத் தமிழிலேயே பாடம் கற்ற ஏழைக் குடியானவன் மகனும் கூலிக்காரன் மகளும் அறுவைக் கூடத்துள் கால் வைத்தனர். அங்கே அவர்களை எதிர்கொள்வது என்ன? இங்கிலீஷ் தொடருள் பொதிந்த லத்தீன் பெயர்கள், ஒரு நாளைக்கு ஐம்பது அறுபதாக. முன்வரிசையில் இருப்போர் தலையசைப்பதைக் கண்டு ஆசிரியர் மேலே செல்கிறார். பின்வரிசையில் இருக்கும் பெண் எழும்பை அறிவாள், தசையை அறிவாள். ஆசிரியர் சொன்ன வாக்கியத்தை அறியாள். வரி செலுத்தி நீர் வார்த்தது அவள் தகப்பனுந்தான். காய் விழுந்ததோ வேறு முற்றத்தில். அவள் வாய் திறந்து சொல்வாளா? கேட்குந் தாளும் இங்கிலீஷில் இருந்தால் சொல்லவே மாட்டாள்.

இது தீராத இடர் என்று சொல்வோருக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவோம். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் இங்கிலீஷிலேயே வைத்தியம் கற்பித்தார். கற்றவர் பலர் உத்தியோகந் தேடி வெளியூர் போயினர். ஊராருக்கு வைத்தியர் இல்லை. அதனைக் கண்ட கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, நூல்களைத் தமிழாக்குவித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய உடற்கூற்று நூல் 1872-இல் வெளிவந்தது. ஓர் அந்நியர், தாம் கற்பித்த முறை ஊருக்குப் பயன்பட்டதா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, பாஷையையே மாற்றினார். அவ்வளவுகூட இன்று நாம் வேண்டவில்லை. லத்தீன் பெயர் இருக்கட்டும். அதன் பொருளைத் தமிழில் இரண்டு வாக்கியத்தாற் சொல்லலாகாதா என்றுதான் கேட்கிறோம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாக எடைபோடுவோம். மாணாக்கர் மதிப்பு ஏமாறக்கூடும் என்பது உண்மை. அமெரிக்காவில் ஒரு நடிகருக்கு 'டாக்டர் பாக்ஸ்' என்று பெயர் சூட்டி, பொருளற்ற பிரசங்கம் ஒன்றைக் கற்றறிந்தோர் சபையில் செய்யவைத்தனர், கேட்டவர்கள் மெச்சினர். அச்செய்தி 1973-இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. மாணாக்கர் அளித்த மதிப்பெண்ணுக்கும் அவர்கள் கற்ற அளவுக்கும் தொடர்பு காணோம் என்று 2017-இல் வெளியான தொகுப்பாராய்ச்சி ஒன்றும் முடிவு கட்டிற்று. இவற்றால் தெளிவது என்ன? "ஆசிரியர் உமக்குப் பிடித்தவரா?" என்று கேட்டு ஐந்துக்கு எத்தனை என்று எண் வாங்குவது வீண் என்பதே. சாட்சியைத் தீர்ப்புச் சொல்லும்படி கேட்பது தவறு. கண்டதைச் சொல்லும்படி கேட்பதோ முறை. "இவ்வாரம் எத்தனை முறை நீ கத்தி பிடித்தாய்? எந்த உறுப்பை நேரிற் கண்டாய்? எந்த விளக்கம் புரியவில்லை?" என்று கேட்டால், அதற்கு விடையளிக்க முதலாண்டு மாணாக்கனைவிடத் தகுதியுடையார் எவருமில்லை. அவ்விடையை வைத்து ஆசிரியரின் சம்பளத்தையோ உயர்வையோ தீர்மானிப்பதையும் நாம் ஆதரியோம். பயத்தால் கற்பிப்பவர் நன்கு கற்பியார்.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. ஆண்டு முடிவில் கேட்பது பிணத்துக்கு மருந்து கொடுப்பதாகும். மேற்கை, மார்பு, வயிறு என ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கேட்கவேண்டும். பரீட்சைக்குச் செல்லும் தகுதியைத் தரும் உள்மதிப்பெண் அதே இலாகாவின் கையில் இருக்கிறது. தன் வழக்கில் தானே நியாயாதிபதியாவது எந்தச் சட்டத்துக்கும் ஒவ்வாது. ஆதலால் பெயரின்றி எழுதப் பெற்று, வேறு இலாகாவினர் அதனைத் திறக்கவேண்டும். தமிழில் எழுதுவோர் தமிழில் எழுத இடமளிக்கவேண்டும். இறுதியாக, ஒரு மாதத்துக்குள் விடை விளம்பரப் பலகையில் வரவேண்டும்: இன்ன குறையைத் திருத்தினோம், இன்னது திருத்த இயலாதது, காரணம் இது என்று. விடை வாராத வினாத்தாளை இரண்டாம் முறை எவனும் உண்மையாக நிரப்பான். இதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், கல் நாட்டு விழாவும் வேண்டாம்.

இன்னொரு சொல். அறுவை மேசைமீது கிடப்பவர் யார்? தம் உடலைத் தாமே கொடையாக எழுதிவைத்த உத்தமர் சிலர். 1951-ஆம் ஆண்டுச் சென்னை உடற்கூற்றுச் சட்டத்தின்படி, உரிமை கோருவாரின்மையால் வந்து சேர்ந்த ஏழைகள் சிலர். உயிரோடிருந்தபோது அவ்வேழைகளின் சொல் அம்பலம் ஏறவில்லை. இறந்தபின் தம் உடலையே பாடமாகத் தருகின்றனர். அந்தப் பாடத்தை நான்காம் வரிசை மாணாக்கன் காணவில்லை என்றால் அது அவர்களுக்குச் செய்யும் துரோகம். நாளை கப்பலூர்ப் பெருவழியில் விபத்துற்று வருவோனின் உடலில் கத்தி வைக்கப்போவதும் அம்மாணாக்கன் கையே. கட்டட வேலையைக் கண்காணிக்கும் நம் தேசத் தொண்டர்கள், கல்வி வேலையையும் கண்காணிப்பார்களாக. கலாசாலைத் தலைவர்கள் அஞ்சாது கேட்பார்களாக. மாணாக்கரும் பகையின்றி, முகத்துதியின்றி, கண்டதைக் கண்டவாறு சொல்வார்களாக.