படகுக்கு தான் 61 நாள் ஓய்வு... பட்டறைக்கு இல்லை!

நாகப்பட்டினம்:
ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்கு கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்க தடை. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு. முன்பு 45 நாட்களாக இருந்த தடை, 2017 முதல் 61 நாட்களாகி விட்டது. இந்த நாட்களில் படகுகள் சும்மா கிடக்கும் என்று நினைத்தால் தப்பு. நாகை கடுவையாற்று கரைக்கு போனால் சுத்தியல் சத்தம் காதை பிளக்கும்.

அப்படி என்ன வேலை?

முதல் வேலை படகை கரையேற்றுவது. அடிப்பகுதியில் அப்பிக்கிடக்கும் பாசி, சிப்பியை சுரண்டி எடுக்கிறார்கள். இதை அப்படியே விட்டால் வேகம் குறையும், டீசல் கூடுதலாக குடிக்கும்.

அடுத்தது பலகை சோதனை. மரத்தை துளைக்கும் கடல் புழுவுக்கு பயந்து தான் மரப்படகின் மேல் பைபர் பூசுகிறார்கள். அதில் கீறல் விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் மரம் உளுத்துப்போகும். தச்சர்கள் சுத்தியலால் தட்டி பார்ப்பார்கள். 'கணீர்' என்றால் நல்ல மரம், 'சொத்' என்றால் பலகையை மாற்ற வேண்டியது தான். பைபர் பூசாத பழைய படகுகளில் பலகை இடுக்கில் பஞ்சை திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைப்பது வழக்கம். படகு கட்டும் தச்சர்களை சில ஊர்களில் 'ஓடாவி' என்பார்கள்.

இரும்பு படகு என்றால் வெல்டிங் வேலை அதிகம். அடியில் துத்தநாக கட்டிகளை பொருத்துகிறார்கள். உப்புத்தண்ணீர் இரும்பை அரிப்பதற்கு பதில் முதலில் துத்தநாகத்தை அரிக்கும். கட்டி கரைய கரைய மாற்றிக்கொள்ளலாம். இது போக இன்ஜின், சுக்கான், விசிறி, பெயிண்ட் வேலை தனி.

எல்லா படகும் ஒரே நேரத்தில் கரையேறுவதால் தச்சர், வெல்டர், மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. செலவு லட்சங்களில் போகும். கையில் காசு இல்லாதவர்கள் வட்டிக்கு வாங்கித்தான் வேலை பார்க்கிறார்கள். மீன்வளத்துறை அதிகாரிகளின் ஆய்வுக்கும் படகு தயாராக இருக்க வேண்டும்.

தடை முடிந்து கடலுக்கு போகும் முதல் நாட்களில் தான் பெரும்பாலும் மீன்பாடு நன்றாக இருக்கும். அதை தவற விட்டால் நஷ்டம் முதலாளிக்கு மட்டும் இல்லை. பங்குக்கு தொழில் செய்யும் மீனவர்களும் கையை பிசைய வேண்டியது தான்.

அவசரத்தில் அரைகுறையாக வேலையை முடித்தால் அதை விட ஆபத்து. கரையில் கண்ணுக்கு தெரியாத கீறல், நடுக்கடலில் உயிருக்கே உலை வைத்து விடும்!