உள்ளீடற்ற எஃகின் வலிமை
ரவாங்கில் வரிசை வீடுகளின் முன்னே கார் நிறுத்தும் கொட்டகைகள் பல, உள்ளீடற்ற எஃகுக் குழாய்களின் மீதே நிற்கின்றன. உள்ளே ஒன்றுமில்லாத குழாய் கூரையைத் தாங்குவது எங்ஙனம்? மூங்கிலை நோக்கின் விளங்கும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள திண்ணிய எஃகுக் கம்பியை, எடையும் நீளமும் மாறாமல் 100 மில்லிமீட்டர் விட்டக் குழாயாக்கினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு 7 மடங்காகும். பொருள் நடுவை விட்டு ஓரத்திற்குச் செல்வதே காரணம். 1890இல் திறக்கப்பெற்ற ஸ்காத்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தில், அமுக்கத்தைத் தாங்குபவை 12 அடி விட்டமுள்ள எஃகுக் குழாய்களே.

ஆயினும் குழாய்க்குப் பகை நீராகும். வாய் திறந்திருப்பின் மழைநீர் புகுந்து உட்புறம் துருவேறும். வெளியே பூசிய வர்ணம் அதனை மறைத்துவிடும். சுவர் மெல்லியதாதலின் சிறு அரிப்பும் பெருங்கேடு. ஆகவே, முனைகளைத் தகடு வைத்து, இடைவெளியின்றிப் பற்றவைத்து மூடுதல் இன்றியமையாதது.