எச்சரிக்கை விளக்கும் குறியீடு வாசிக்கும் கருவியும்

காரை முடுக்கும்போது ஓட்டுநரின் முன்னால் உள்ள பலகையில் பல விளக்குகள் ஒருசேர எரிந்து, சில நொடிகளில் அணைந்துவிடுகின்றன. இது பழுதின் அறிகுறி அன்று. விளக்குகள் சரியாக எரிகின்றனவா என்பதைக் கார் தானே சோதித்துக்கொள்கிறது. இயந்திரம் ஓடத் தொடங்கிய பின்னும் ஒரு விளக்கு அணையாமல் இருந்தாலோ, பயணத்தின் நடுவே ஒரு விளக்கு எரிந்தாலோ அதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது நிறம். சிவப்பு பெரும்பாலும் ஆபத்தைக் குறிக்கும். எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு, இயந்திர எண்ணெயின் அழுத்தம் குறைந்துவிட்டதைச் சொல்கிறது. அந்நிலையில் சிறிது தூரம் ஓட்டினாலும் இயந்திரம் சேதமடையக்கூடும். எனவே, காரைப் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டதைக் காட்டும் விளக்குக்கும் இதே நடவடிக்கைதான். அந்த நேரத்தில் கருவியைத் தேடுவதைவிட இழுவை வண்டியை அழைப்பதே முக்கியம். (கைப்பிரேக்கை விடுவிக்க மறந்தாலும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பதறுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.)

குறியீடு வாசிக்கும் கருவி பெரிதும் உதவுவது, இயந்திரத்தின் வடிவில் மஞ்சளாக எரியும் விளக்குக்குத்தான். அது விட்டுவிட்டு மின்னாமல் நிலையாக எரிந்து, காரும் வழக்கம்போல் ஓடினால், பட்டறைக்கு மெதுவாகச் செல்ல நேரம் இருக்கிறது. விளக்கு மின்னினால் நிலைமை வேறு. இயந்திர உருளைகளில் ஏதோ ஒன்றில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று, அங்குள்ள வினையூக்கி மாற்றியைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். நச்சுப் புகையைக் குறைக்கும் அந்தப் பாகத்தின் விலை மிக அதிகம். ஆகவே, விளக்கு மின்னத் தொடங்கினால் வேகத்தைக் குறைத்து, கூடிய விரைவில் காரை நிறுத்துவதே நல்லது.

இந்த விளக்கு பிறந்ததற்குக் காரணமே காற்றுத் தூய்மைக்கேடுதான். புகைமூட்டத்தால் அவதிப்பட்ட அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 1988ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல், தன் பழுதைத் தானே கண்டறியும் அமைப்பு காரில் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இணைப்பையும் குறியீட்டையும் வைத்துக்கொண்டது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் ‘ஓபிடி-2’ என்னும் பொது முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் 2001ஆம் ஆண்டில் பெட்ரோல் கார்களுக்கு இத்தகைய விதி வந்தது. இன்று புரோட்டோன், பெரோடுவா கார்களிலும் ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே 16 ஊசிகளுக்கான ஓர் இணைப்பைக் காணலாம். வாசிக்கும் கருவியைச் செருகுவது அங்கேதான்.

கருவியைச் செருகிச் சாவியைத் திருப்பியதும், காரின் கணினி சேமித்து வைத்த குறியீடு திரையில் தோன்றும். எடுத்துக்காட்டாக, ‘பி0301’. முதலெழுத்தான ‘பி’ இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் சேர்ந்த பகுதியைக் குறிக்கிறது. அடுத்துள்ள சுழியம், இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்கிறது. அந்த இடத்தில் 1 இருந்தால் அது அந்நிறுவனத்தின் சொந்தக் குறியீடு. 3 என்பது எரியூட்டல் தொடர்பானது. இறுதியிலுள்ள 01, முதலாம் உருளை. ஆக, முதலாம் உருளையில் எரிபொருள் சரியாக எரியவில்லை.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கின்றனர். குறியீடு சொல்வது சிக்கல் தென்பட்ட இடத்தையே. எந்தப் பாகம் கெட்டது என்பதை அது சொல்வதில்லை. ‘பி0420’ என்ற குறியீட்டைப் பாருங்கள். வினையூக்கி மாற்றி போதிய அளவு வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். இதைப் படித்தவுடன் மாற்றியையே புதிதாக வாங்கிப் பொருத்துவோர் உண்டு. புகைக்குழாயில் உள்ள சிறு கசிவோ பழுதான உயிர்வளி உணரியோகூட அதே குறியீட்டை வரவழைக்கலாம். பெரும் செலவு செய்த பிறகு அதே விளக்கு மீண்டும் எரியும்போது குடும்பத்தின் மாதச் செலவே தடுமாறும்.

நல்ல பட்டறைக்காரர் குறியீட்டைப் பார்த்த பிறகுதான் சோதனையைத் தொடங்குகிறார். ‘பி0301’ வந்தால், ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனித் தீப்பொறிச் சுருள் உள்ள காரில், இயந்திரம் ஆறிய பின் முதலாம் உருளையின் சுருளை இரண்டாம் உருளைக்கு மாற்றுவார். குறியீட்டை அழித்துக் காரை ஓட்டிப் பார்ப்பார். இப்போது ‘பி0302’ வந்தால் குற்றவாளி அந்தச் சுருள்தான். மீண்டும் ‘பி0301’ வந்தால் தீப்பொறிச் செருகி, எரிபொருள் தெளிப்பான் என்று அடுத்ததைத் தேடுவார். புதுப் பாகம் எதையும் வாங்காமலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது!

சரி, எந்தக் கருவியை வாங்குவது? விரலளவே உள்ள புளூடூத் கருவி, திறன்பேசியில் உள்ள செயலியின் வழி இயங்கும். விலை குறைவு. வீட்டுக் காரின் மஞ்சள் விளக்குக்கு அது போதும் என்பதே என் கருத்து. ஆனால், மலிவான புளூடூத் கருவிகள் பல ஐபோனுடன் இணைவதில்லை என்பதால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். திறன்பேசியை நாட விரும்பாதவர்கள் சொந்தத் திரையுள்ள கைக்கருவியை வாங்கலாம். காற்றுப்பை, பூட்டா பிரேக்கு ஆகியவற்றின் விளக்குகளை எளிய கருவிகள் பெரும்பாலும் வாசிப்பதில்லை. அவற்றுக்கு, அந்தக் காரின் மாதிரிக்கு ஏற்ற மேம்பட்ட கருவி தேவை. பழைய கார்கள் சிலவற்றில் 16 ஊசி இணைப்பு இருந்தாலும் அவை ஓபிடி-2 முறையைப் பின்பற்றுவதில்லை. ஆகையால், வாங்கும் முன் காரின் ஆண்டையும் மாதிரியையும் சொல்லிக் கேட்டுக்கொள்வது அவசியம். மேலும், கருவியை நிரந்தரமாகச் செருகியே வைத்தால், கார் நிற்கும்போதும் அது மின்கலத்திலிருந்து சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்.

எல்லாக் கருவிகளிலும் குறியீட்டை அழிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும். அதோடு, பழுது நேர்ந்த கணத்தில் காரின் வேகம், வெப்பநிலை, இயந்திரச் சுழற்சி ஆகியவை எவ்வளவு இருந்தன என்ற பதிவும் அழிந்துவிடும். பட்டறைக்காரருக்கு உதவக்கூடிய தடயம் அது. எனவே, அழிப்பதற்கு முன் குறியீட்டையும் அந்தப் பதிவையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கார் வாங்குவோருக்கு இதே பொத்தான் வேறொரு செய்தியைத் தருகிறது. விற்பவர் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்திருந்தால், காரைப் பார்க்கப் போகும் அன்று பலகையில் எதுவும் எரியாது. ஆனால், குறியீட்டை அழிக்கும்போது கணினி செய்து முடித்த சோதனைகளின் பதிவுகளும் அழிகின்றன. அவை அனைத்தும் மறுபடியும் நிறைவேற, காரைப் பல நாள் வெவ்வேறு வேகங்களில் ஓட்ட வேண்டியிருக்கும். கருவியைச் செருகிப் பார்க்கையில் பல சோதனைகள் ‘நிறைவடையவில்லை’ என்று வந்தால், அண்மையில் யாரோ குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது மின்கலத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். எது நடந்தது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வருவதாகச் சொல்லலாம்.