பழைய காரில் எண்ணெய்க் கசிவு: ஆயில் சேம்பரைக் கழற்றும் முன்...

மாருதி 800 கார்களின் உற்பத்தி 2014-இல் நிறுத்தப்பட்டாலும், அவற்றில் பல இன்னும் சாலைகளில் ஓடுகின்றன. இத்தகைய பழைய கார்களின் அடியில் எண்ணெய் சொட்டினால், ஆயில் சேம்பரில்தான் பழுது எனப் பலரும் முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால், என்ஜினின் மேலே உள்ள டாப்பெட் கவர் கேஸ்கெட்டில் கசியும் எண்ணெயும் வழிந்து அங்குதான் சேரும். எனவே, என்ஜினைத் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிய பின் ஈரம் தொடங்கும் இடத்தைக் கண்டறிய வேண்டும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் கசிவு எனில், பெரும்பாலும் வாஷரை மாற்றினாலே போதும்.

வேகத்தடையில் இடித்தோ துருப்பிடித்தோ சேம்பரில் ஓட்டை விழுந்திருந்தால், வெளியே பசை பூசுவது தாற்காலிகத் தீர்வே. அதைக் கழற்றி வெல்டிங் செய்யவோ மாற்றவோ வேண்டும். மீண்டும் பொருத்துகையில் போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினால், தகட்டின் விளிம்பு வளைந்து கசிவு தொடரும்.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், காரை ஓரங்கட்டி உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். எண்ணெய் அழுத்தமின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலும் என்ஜின் 'சீஸ்' ஆகிவிடக்கூடும்.