களைத்த இதயத்தை விரட்டலாமா?

இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்து மலைகளில் கொழுந்து சுமந்து ஏறுபவருக்குக் கால் கடுத்தால் ஒரு நிமிடம் நின்று தேறலாம். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை அது சுருங்கியே ஆக வேண்டும். மாரடைப்போ நெடுநாள் உயர் குருதியமுக்கமோ அதை நலித்துவிட்டால், மேடேறும்போது மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

இப்படி நலிந்த இதயத்தை முடுக்கிவிடுவதே வைத்தியம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1785இல் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் விதரிங் நூலாக எழுதிய டிஜிட்டாலிஸ் செடியின் சாரம் அதைத்தான் செய்கிறது. இதயக் கலத்திலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்பியை அது தடுக்க, உள்ளே கல்சியம் சேர்ந்து சுருக்கம் வலுக்கிறது. நம் வேலியோரத்து மஞ்சள் அலரியின் நஞ்சும் அதே பம்பியைத்தான் பிடிக்கிறது. கல்சியம் மீறினால் துடிப்பு தாறுமாறாகும். டிஜிட்டாலிஸ் வகை மருந்தான டிஜொக்சினுக்கென்று தயாரித்த முறிமருந்து அலரி நஞ்சையும் முறிப்பதை, 2000ஆம் ஆண்டில் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அளவு மட்டுமே நிற்கிறது.

வேறு வழியால் முடுக்கும் மில்ரினோன் மாத்திரையை 1,088 நோயாளரிடம் சோதித்தார்கள். 1991இல் வந்த முடிவு அதிர்ச்சியானது: மாத்திரை எடுத்தவர்களிடையே மரணம் 28 சதவீதம் அதிகம்.

உண்மையில் நலிந்த இதயத்தை உடலே அட்ரினலின் வகை ஹோர்மோன்களால் இரவு பகலாக விரட்டுகிறது. அவசரத்தில் உயிர்காக்கும் அந்த விரட்டல் மாதக்கணக்கில் நீடித்தால் தசைக் கலங்களையே அழிக்கும். அதைத் தடுக்கும் பீற்றா தடுப்பி மருந்துகள் இதயத்தை மேலும் சோரவைக்கும் என்று அஞ்சி ஒதுக்கியிருந்தார்கள். 1975இல் சுவீடனின் கோதன்பர்க் நகர வைத்தியர்கள் ஏழு பேருக்குத் துணிந்து கொடுத்து, அவர்கள் தேறக் கண்டார்கள். 1999இல் பைசொப்ரோலோல் என்ற பீற்றா தடுப்பியின் ஆய்வு 2,647 பேரிடம் அதை நிறுவியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17.3 சதவீதம் பேரும், மருந்து எடுத்தவர்களில் 11.8 சதவீதம் பேரும் இறந்தார்கள். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்ட வேண்டிய மருந்து இது. ஆரம்பத்தில் அசதி கூடலாம். அதற்காகத் தானாக நிறுத்திவிடுவது ஆபத்து. வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஆனால் இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய்வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்று தயங்குபவரிடம் அறிவுரை மட்டும் சொல்லிப் பயனில்லை. விலை குறைந்த இந்த மாத்திரை மாதாமாதம் தோட்ட டிஸ்பென்சரியிலேயே அவர் கைக்கு வர வேண்டும்.