மாற்றாரை மதிக்கும் மாண்பு



தேர்தல் வந்துவிட்டால் சுவர்கள் மட்டுமா நிறம் மாறுகின்றன? மனிதர்களின் நாவுகளும் மாறிவிடுகின்றன. கொள்கையைக் குறை கூறத் தொடங்கும் பேச்சு, எதிரணியாரின் குடும்பத்தை இழிவுபடுத்துவதில் போய் முடிகிறது. "அரசியல் என்றால் அப்படித்தான்" என்று நாமும் கேட்டுக்கொண்டு இருந்துவிடுகிறோம். அப்படித்தான் இருக்க வேண்டுமா? அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். நம் சமுதாயத்தின் பெயரும் அதில் இழுக்கப்பட்டது என்பதால், நாம் அதனைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும்.

2008 அக்டோபர் 10ஆம் நாள். மின்னசோட்டா மாநிலத்தின் லேக்வில் நகரில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் வாக்காளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். தேர்தலுக்கு 25 நாட்களே இருந்தன. கருத்துக் கணிப்புகளில் அவர் பின்தங்கியிருந்தார். எதிர் வேட்பாளர் பராக் ஒபாமா பயங்கரவாதிகளுடன் தோழமை கொண்டவர் என்று, மெக்கெய்னின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினே மேடைகளில் பேசிவந்த நேரம் அது.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஒபாமா அதிபரானால் என்னாகுமோ என அஞ்சுவதாகக் கூறினார். அவர் நல்ல மனிதர், அவர் அதிபராவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை என்றார் மெக்கெய்ன். கூடியிருந்த சொந்தக் கட்சியினரே அவரை நோக்கிக் கூச்சலிட்டனர்!

பின்னர் வயதான பெண்மணி ஒருவர், ஒபாமாவை நம்ப இயலவில்லை, அவர் ஓர் அரபியர் என்றார். மெக்கெய்ன் தலையசைத்து மறுத்தபடியே அப்பெண்மணியிடமிருந்து ஒலிவாங்கியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பத் தலைவர், இந்நாட்டின் குடிமகன். அடிப்படையான சில பிரச்சினைகளில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு, அவ்வளவே என்றார்.

அவதூறு எப்படிச் சுடும் என்பதை மெக்கெய்ன் அறிந்தவர். டாக்காவிலிருந்த ஓர் அநாதைப் பெண் குழந்தையை அவர் குடும்பம் தத்தெடுத்து வளர்த்துவந்தது. 2000ஆம் ஆண்டில், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியின்போது, தென் கரோலினாவில் அக்குழந்தையின் நிறத்தைக் காட்டி அவரது ஒழுக்கத்தைப் பற்றிப் பொய்யான வதந்தி பரப்பப்பட்டது. அங்கே அவர் தோற்றார். தன்மீது எறியப்பட்ட கல்லைப் பிறர்மீது எறிய அவர் மனம் ஒப்பவில்லை.

ஆயினும் வாசகர்களே, உங்கள் உள்ளத்தில் ஒரு முள் தைக்கிறதல்லவா? "அரபியர்" என்ற சொல்லுக்கு "இல்லை, கண்ணியமானவர்" என்பது விடையா? அப்படியானால் அரபியரிடம் கண்ணியம் இல்லையா?

இக்கேள்வியை உரக்கக் கேட்டவர் காலின் பவல். அவரும் அப்போது குடியரசுக் கட்சிக்காரர். முன்னாள் வெளியுறவு அமைச்சர். ஒன்பது நாட்கள் கழித்து, அக்டோபர் 19ஆம் நாள், தொலைக்காட்சியில் ஒபாமாவுக்கு ஆதரவு தெரிவித்தபோது இதனையும் பேசினார். ஒபாமா முஸ்லிம் அல்லர், கிறிஸ்தவர் என்பது உண்மைதான். ஆனால் அவர் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன, இந்நாட்டில் முஸ்லிமாக இருப்பது குற்றமா என்று கேட்டார். ஆர்லிங்டன் இடுகாட்டில், பிறையும் நட்சத்திரமும் பொறித்த கல்லறையின்மீது தலைசாய்த்திருந்த ஒரு தாயின் புகைப்படத்தைப் பற்றியும் கூறினார். இராக்கில் அமெரிக்கப் படைவீரராக உயிர்நீத்த 20 வயது முஸ்லிம் இளைஞரின் கல்லறை அது.

இராக்மீது போர் தொடுக்க வேண்டுமென 2003இல் ஐ.நா. அவையில் வாதாடியவர் இதே பவல். அப்போரை ஆதரித்தவர் மெக்கெய்ன். அதனை நாம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. ஒருவரின் கொள்கையைக் கடுமையாக எதிர்த்துக்கொண்டே அவரது நற்செயலை ஒப்புக்கொள்வதும் நாகரிகத்தின் ஒரு பகுதியே அன்றோ?

நான்கு ஆண்டுகள் சென்றன. வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டனின் உதவியாளராக இருந்த ஹுமா ஆபிதீன் என்ற முஸ்லிம் பெண்மணியின் குடும்பத்தைப் பற்றி, குடியரசுக் கட்சியின் உறுப்பினர்கள் ஐவர் ஐயம் கிளப்பிக் கடிதம் எழுதினர். 2012 ஜூலை 18ஆம் நாள் செனட் அவையில் எழுந்து, அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று கண்டித்தவர் அதே மெக்கெய்ன்தான். லேக்வில்லில் விடுபட்ட சொல் அன்று நிறைவு பெற்றது எனலாம்.

2008 தேர்தலில் அவர் தோற்றார். தோல்வியை ஒப்புக்கொண்ட இரவில், ஒபாமாவின் பெயரைக் கேட்டு இரைந்த தொண்டர்களைக் கையமர்த்தி, வென்றவரை வாழ்த்தினார். 2018 ஆகஸ்ட் 25ஆம் நாள் மெக்கெய்ன் மறைந்தார். அவர் முன்னரே விரும்பிக் கேட்டுக்கொண்டபடி, வாஷிங்டனில் நடந்த இறுதி வழிபாட்டில் புகழுரை ஆற்றியவர்களுள் இருவர், ஜார்ஜ் புஷ்ஷும் பராக் ஒபாமாவும். ஒருவர் 2000ஆம் ஆண்டில் அவரை வென்றவர். மற்றவர் 2008இல் வென்றவர்!

நாகரிகம் என்பது இனிக்கப் பேசுவது மட்டுமன்று. எதிரணியார் வரம்பு மீறும்போது கண்டிப்பது எவருக்கும் எளிது. நம்மவர் மீறும்போது, நமக்குக் கைதட்டுபவர் மீறும்போது, அவர் கையிலிருந்து ஒலிவாங்கியைத் திரும்பப் பெறுவதே கடினம். அங்கே இல்லாத ஒரு சமுதாயத்தின் மானத்தையும் சேர்த்துக் காப்பது அதனினும் கடினம்.

நம் இல்லத் திண்ணையிலும், உணவு விரிப்பிலும், ஜமாஅத் தேர்தலிலும் அத்தகைய வேளைகள் வரத்தான் செய்கின்றன. எதிர்த்து நிற்பவரின் குடும்பத்தை நம்மவர் ஒருவர் பழித்துப் பேசும்போது, அருகே நம் பிள்ளைகள் அமர்ந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்நேரம் நாம் சிரிக்கப் போகிறோமா? அன்றி, "கொள்கையைப் பேசுங்கள், குடும்பத்தை விடுங்கள்" என்று சொல்லப் போகிறோமா?